பாரசீகத்தில் தன்னை அறிமுகஞ் செய்தல்: ஊராத்துறை வழியே ஒரு நோக்கு

பிறமொழி கற்கத் தொடங்குவோர் முதலிற் பெறும் பாடம் பெரும்பாலும் ஒன்றே: என் பெயர் இன்னது, நான் இன்ன ஊரன், இவர் எனக்கு இன்ன முறையினர். மொழிநூல்கள் இதனை எளிய பாடமெனக் கருதி முதற் பக்கங்களில் அமைத்துவிடுகின்றன. இலக்கணத்தை மட்டும் நோக்கின் அது எளியதே. ஆயின், தன்னை இன்னாரென்று கூறும் உரிமையும் கூறுதற்குரிய சொல்லும் எல்லாச் சமுதாயங்களிலும் எல்லோர்க்கும் ஒருபடித்தாய் வாய்த்ததில்லை. பாரசீக மொழியின் அறிமுகத் தொடர்களைத் தமிழ் மாணவர்க்கு விளக்கப் புகும் நாம், அவற்றை இவ்விரு நிலையிலும் வைத்துக் காண விழைகின்றோம்.

பாரசீகம் நமக்கு அயலாயிற்றே எனலாம். தீவகத்தின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள, முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) காலத்துத் தமிழ்க் கல்வெட்டினைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்படவேண்டும் என்பது அதிலுள்ள அரசாணை. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு. சிங்கள அரசன் ஆணையைத் தமிழிற் பொறித்தமை அத்துறையின் வழக்குமொழி எதுவென்பதைக் காட்டும். குதிரைக்குக் காட்டிய சலுகையோ அரசின் தேவையைக் காட்டும். ஆறாம் நூற்றாண்டிலேயே, பாரசீகத்திலிருந்து குதிரை கொணர்வோர்க்கு இத்தீவின் மன்னன் சுங்கவிலக்கு அளித்தான் என அலெக்சாந்திரியா வணிகர் கொஸ்மாஸ் எழுதியுள்ளார். அறுநூறு ஆண்டு இடைவெளியிலும் ஆளும் வர்க்கத்தின் தேவை மாறவில்லை; அத்தேவையே வந்தேறியவனுக்கு நல்வரவு கூறிற்று.

சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் காலி மும்மொழிக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. 1911இற் கண்டெடுக்கப்பட்ட அக்கல்லிலுள்ள மொழிகள் சீனம், தமிழ், பாரசீகம். இந்துமாக்கடல் வாணிகத்திற் பாரசீகம் பொதுமொழியாய் வழங்கியமைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. எனினும் நமது பாடத்துக்கு மிக நெருங்கிய சான்று இதற்கும் முற்பட்டது. 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பத்தூத்தா, பத்தாலா என அவர் குறிப்பிடும் புத்தளத்தில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். அம்மன்னனுக்குப் பாரசீகம் விளங்கியது என்றும், பிறநாட்டு அரசர்களைப்பற்றித் தாம் கூறியவற்றை அவன் விரும்பிக் கேட்டான் என்றும் எழுதுகின்றார். பயணியின் மொழி அரபு. பாரசீகம் அவ்விருவருள் எவர்க்கும் தாய்மொழியன்று. கற்றுக்கொண்ட ஒரு மொழியின் வழியாகவே ஒருவரையொருவர் அறிந்தனர். நமது மாணவன் நிற்கும் இடமும் அதுவே.

இனிப் பாடத்துக்கு வருவோம். ‘நாமெ மன் கந்தன் அஸ்த்’ என்றால் ‘என் பெயர் கந்தன்’. நாம் என்பது பெயர். மன் என்பது நான். இரண்டையும் இணைக்கும் எகரமே தமிழனுக்குப் புதிது. நாம் உடையவனை முன்னும் உடைமையைப் பின்னும் வைப்போம். பாரசீகர் உடைமையை முன்வைத்து, எகரத்தால் உடையவனைப் பின்னிணைப்பர். மற்றையபடி வினை ஈற்றில் நிற்பது நம் மொழியைப் போன்றதே. ‘கந்தன் என் பெயர்’ என்று வினையின்றி முடிக்கும் பழக்கத்தை மட்டும் கைவிட்டு, ‘அஸ்த்’ என்பதைச் சேர்க்கவேண்டும். பெயரை வினவுதற்கு ‘எஸ்மெ ஷொமா சீஸ்த்?’ என்பர். குற்றெகரமும் குற்றொகரமும் தமிழிலுள்ளமையால் எஸ்ம், ஷொமா போன்ற சொற்களில் நமக்கு இடர்ப்பாடில்லை. தொண்டையில் உரசியெழும் ஒலியே கடினம். அதனை ‘ஃக’ என இங்கு எழுதுகின்றோம். ‘ஃகொஷ்வக்தம்’ என்பது ‘கண்டு மகிழ்ந்தேன்’ எனும் பொருட்டு. அறிமுகத்தின் முடிவிற் கூறுவது.

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இன்பம் தரும் செய்தி ஒன்றுண்டு. பாரசீகத்திற் பெயர்ச்சொல்லின் ஈற்றிலேயே தன்மை விகுதியைச் சேர்த்துத் தொடரை முடிக்கலாம். மாஹீகீர் என்பது மீன்பிடிப்போன். ‘மாஹீகீரம்’ என்றால் ‘மீன்பிடிப்போனாக உள்ளேன்’. கார்கர் தொழிலாளி, ‘கார்கரம்’ என்றால் ‘நான் தொழிலாளி’. நம் பழைய குறிப்பு வினைமுற்றும் இத்தகையதே: ஊரேன், சிறியேன், அடியேன். இக்காலத் தமிழ் பெரிதும் இழந்துவிட்ட இவ்வமைப்பு பாரசீகத்தில் அன்றாட வழக்காய் உள்ளது. தொடக்க மாணவர்க்கு இதனை முதலிற் கற்பித்தலே தக்கது என்பது நம் கருத்து; பாடநூல்கள் ‘ஹஸ்தம்’ என்ற முழுச்சொல்லோடு நீண்ட நேரத்தைச் செலவிடுகின்றன.

தொழிற்பெயர்களைக் கூறும்போது ‘தெஹ்கான்’ என்ற சொல்லையும் கூறாதிருத்தல் இயலாது. சாசானியர் காலத்தும் இசுலாமிய ஆட்சியின் தொடக்கத்தும் அது நிலவுடைமையாளனைக் குறித்தது. பிற்காலத்தில் நிலத்தில் உழைக்கும் குடியானவனுக்குப் பெயராயிற்று. உற்பத்தி உறவுகள் மாறியபொழுது சொல்லும் படியிறங்கிற்று. ‘தெஹ்கானம்’ என்று ஒருவன் கூறின், அவன் எந்த நூற்றாண்டில் நின்று கூறுகிறான் என்பதைப் பொறுத்தே அவன் நிலக்கிழானா உழவனா என்பது தெரியும்.

பிறரை அறிமுகஞ் செய்கையில் மாற்றுப்பெயர்கள் முதன்மை பெறுகின்றன. ‘ஈன் பராதரெ மன் அஸ்த்’ – இவன் என் சகோதரன். மதிப்புக்குரியவராயின் ‘ஈஷான்’ என்று பன்மையாற் சுட்டி, வினையையும் ‘ஹஸ்தந்த்’ எனப் பன்மையாக்குவர்: ‘ஈஷான் மாதரெ மன் ஹஸ்தந்த்’. நம் ‘அவர்’ என்பதும் பன்மையிலிருந்து வந்த மதிப்புச்சொல்லே. ‘ஊ’ என்னும் படர்க்கைச் சொல் ஆண்பால் பெண்பால் காட்டாது. அவன், அவள் இரண்டிற்கும் அதுவொன்றே. முன்னிலைக்குத் ‘தொ’, ‘ஷொமா’ என இரண்டு. யாழ்ப்பாணத்தில் நீ, நீர், நீங்கள் என மூன்று. இம்மூன்றுக்கும் இடையிலுள்ள தூரத்தை இலக்கணநூல் அளந்துகூறாது.

உறவுமுறைச் சொற்களில் இரு கண்ணிகள் உள்ளன. ‘தாயீ’ என்பது தாயன்று, தாய்மாமன். ‘அம்மெ’ அம்மாவன்று, தந்தையின் உடன்பிறந்தாள். யாழ்ப்பாணத்தார் மாமி என்பது. தந்தைவழியையும் தாய்வழியையும் பிரித்துக் காண்பதில் நம்மோடு ஒக்கும் பாரசீகம், அண்ணனையும் தம்பியையும் தனிச்சொல்லாற் பிரிப்பதில்லை. ‘பொஸோர்க்’, ‘கூச்சக்’ என்று பெரிய, சிறிய என்னும் அடைகள் வேண்டும்.

பணிவுச்சொல்லாகிய ‘பந்தெ’ தனியே ஆராயற்பாலது. ‘நான்’ என்பதற்கு மாற்றாகப் பாரசீகர் வழங்கும் அச்சொல்லின் பொருள் அடிமை என்பதே. அடியேன் என்ற நம் சொல்லின் நேர்த்துணை. பக்தியிலக்கியம் இச்சொற்களை ஆண்டவன்முன் வைத்து மென்மையாக்கிற்று. ஆயின் யாழ்ப்பாணத்தில் அடிமைநிலை வெறும் உவமையன்று. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை அடிமைகளைச் சொத்துரிமையின் ஒரு கூறாகவே வகுத்தது. 1844இலேயே இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஒடுக்கப்பட்டோர் நிலவுடைமைச் சாதியினரை ‘நயினார்’ என விளித்தனர். காலிக் கல்வெட்டின் தமிழ்ப்பகுதி தென்திசைத் தெய்வத்தை நாயனார் என்கிறது. நயினாதீவின் பெயரையும் நயினார் என்பதோடு தொடர்புறுத்துவாருளர். தெய்வத்துக்கும் நிலக்கிழாருக்கும் ஒரே விளி வாய்த்தமை தற்செயலன்று.

இபுனு பத்தூத்தா பாவாதமலைக்குச் செல்லச் சக்கரவர்த்தி பல்லக்கு அளித்தான். அதனை அடிமைகள் தோளிற் சுமந்தனர். உடன் நான்கு யோகியர், மூன்று பிராமணர், பரிவாரத்தார் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் சென்றனர். மன்னனும் பயணியும் ஒருவர்க்கொருவர் பெயரும் நாடும் கூறிக்கொள்ளப் பாரசீகம் உதவிற்று. சுமந்தவர்களின் எண்ணிக்கையும் தொகுதியுமே ஏட்டில் ஏறின.

‘அஹ்லெ கொஜா ஹஸ்தீத்?’ என்றால் ‘எவ்வூரவர்?’ எனலாம். ஈரானியன் இதற்கு ஒரு நகரைக் கூறுவான். ‘அஹ்லெ நெடுந்தீவ் ஹஸ்தம்’ என்று நாம் கூறின் போதும். ஒல்லாந்தர் இட்ட டெல்வ்ற் எனும் பெயரைக் கூறினும் தவறில்லை. யாழ்ப்பாணத்தில் இவ்வினா ஊரோடு முடிவதில்லை. ஊரிலே எப்பகுதி, எக்கோயிலடி, யாருடைய ஆட்கள் என்று அது வளர்ந்து சாதியிற் சென்று நிற்கும். ஒடுக்கப்பட்டோர் பெயர்களே கந்தன், சின்னவன் எனக் குறுகிநிற்க, மேனிலையோர் பெயர்கள் கந்தையா என மதிப்பொட்டுப் பெற்று நீண்டன. நமது முதற்றொடரிற் ‘கந்தன்’ என்று வைத்தது இதனை நினைத்தே.

ஈரானில் 1925இல் பழைய பட்டங்களை ஒழித்து, குடும்பப்பெயரைச் சட்டம் கட்டாயமாக்கிற்று. இன்று அங்கு படிவங்களில் ‘நாம்’, ‘நாமெ ஃகானெவாதெகீ’, ‘நாமெ பெதர்’ என மூன்று இடங்கள் இருக்கும். இயற்பெயர், குடும்பப்பெயர், தந்தைபெயர். தமிழர்க்குக் குடும்பப்பெயரில்லை. முதலெழுத்தாகச் சுருக்கி எழுதும் தந்தைபெயரை மாணவர் இரண்டாம் இடத்தில் எழுதிவிடுகின்றனர்; அது மூன்றாம் இடத்துக்குரியது.