உப்பளம் ஏன் சிவக்கிறது?

தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் கோடையில் உப்பளங்களைக் கடந்து செல்பவர்கள், உப்பு விளையும் கடைசிப் பாத்திகளில் நீர் இளஞ்சிவப்பாக மாறியிருப்பதைப் பார்த்திருக்கலாம். மீன்கள் வாழவே முடியாத கடும் உவர்நீரில் கோடிக்கணக்கில் பெருகும் நுண்ணுயிர்கள் தரும் நிறம் அது. உணவுத் தொழிலுக்கும் இறால் வளர்ப்புக்கும் பெரும் பயன் தரும் உயிர்கள் இந்தப் பாத்திகளில் வாழ்கின்றன. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கும் தமிழ்நாடு, இவற்றை இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை.

பாத்திக்குப் பாத்தி மாறும் உலகம்

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. கடல்நீரையோ நிலத்தடி உவர்நீரையோ பாத்திகளில் பாய்ச்சி வெயிலில் வற்றவிடும்போது அடர்த்தி படிப்படியாக ஏறுகிறது. உப்புக்கு முன்பே ஜிப்சம் படிகிறது. அடர்த்தி மானியில் ஏறத்தாழ 25 டிகிரி வரும்போது நாம் உண்ணும் உப்பு படிகமாகத் தொடங்குகிறது. அதை வாரியபின் மக்னீசியம் மிகுந்த கசப்புநீர் எஞ்சுகிறது.

உப்பு ஏற ஏற உயிர்களின் வகை குறைகிறது. முதல் பாத்திகளில் கடல் பாசிகளும் சிறு மீன்களும் இருக்கும். நடுப் பாத்திகளில் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறால் ஆட்சி செய்யும். கடைசிப் பாத்திகளில் மிஞ்சுபவை டுனாலியெல்லா சலைனா என்ற நுண்பாசியும், உப்பை விரும்பும் ஆர்க்கியா நுண்ணுயிர்களும்தான்.

உப்பை வெல்லும் பாசி

பிரான்ஸின் மோன்பெலியே அருகே உப்பளங்கள் சிவப்பதன் காரணத்தை ஆராய்ந்த மிஷேல் ஃபெலிக்ஸ் டுனால், 1838இல் இந்தப் பாசியை விவரித்தார். 1905இல் அவர் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. இது ஒற்றைச் செல் உயிர். இரண்டு கசையிழைகளால் நீந்தும். பெரும்பாலான பாசிகளுக்கு உள்ள கெட்டியான செல்சுவர் இதற்குக் கிடையாது.

கடும் உவர்நீரில் சாதாரணச் செல்லைப் போட்டால், உள்ளிருக்கும் நீரை உப்பு வெளியே இழுத்துவிடும். செல் சுருங்கிச் செத்துப்போகும். டுனாலியெல்லா தன்னுள் கிளிசராலைத் தயாரித்து நிரப்பிக்கொள்கிறது. வெளியே உப்பு எவ்வளவு ஏறுகிறதோ அதற்கேற்ப உள்ளே கிளிசரால் ஏறுவதால் நீர் வெளியேறுவதில்லை. சுவர் இல்லாததால் செல் உடனடியாகச் சுருங்கவும் விரியவும் முடிகிறது.

அடுத்த சிக்கல் வெயில். கடுமையான ஒளியும் உப்பும் சேர்ந்து, நைட்ரஜன் சத்தும் குறையும்போது இந்தப் பாசி பீட்டா கரோட்டினைக் குவிக்கிறது. பச்சையத்தை ஒளியின் தாக்குதலிலிருந்து காக்கும் திரை அது. பச்சைப் பாசி செம்மஞ்சளாவதன் காரணம் இதுவே. உலர்ந்த பாசியின் எடையில் 10 சதவீதம்வரை பீட்டா கரோட்டின் சேரக்கூடும்.

நம் உடல் பீட்டா கரோட்டினைத் தேவைக்கேற்ப வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. உணவுப் பொருள்களுக்கு நிறமூட்டவும் ஊட்டச்சத்து மாத்திரைகளிலும் இது பயன்படுகிறது. ஆஸ்திரேலியாவின் ஹட் லகூன், வையாலா ஆகிய இடங்களிலும் இஸ்ரேலின் எய்லாட்டிலும் இதற்காகவே டுனாலியெல்லாவை வளர்க்கிறார்கள். வெயிலும் உவர்நீரும் வேறு பயிருக்கு உதவாத நிலமும் இருந்தால் போதும். நன்னீர் அதிகம் தேவைப்படாது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்து 1994இல் வெளியான பெரிய ஆய்வில், செயற்கை பீட்டா கரோட்டின் மாத்திரை உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகமாக வந்தது தெரிந்தது. ஆகவே, புகைபிடிப்பவர்கள் இத்தகைய மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ணக் கூடாது.

உறங்கும் முட்டைகள்

ஆர்ட்டீமியா முழுமையாக வளர்ந்தாலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். அதைத் தின்னும் மீன்கள் கடும் உவர்நீருக்குள் வர முடியாது என்பதே அதன் பாதுகாப்பு. சூழல் சாதகமாக இருக்கும்போது நேரடியாகக் குஞ்சுகளை ஈனும். சூழல் கெடும்போது கெட்டியான ஓடுள்ள உறங்குமுட்டைகளை இடும். இந்த முட்டைகளை உலர்த்திப் பல ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஒரு கிராமில் 2 லட்சத்துக்கும் அதிகமான முட்டைகள் இருக்கும். உப்புநீரில் போட்டு, வெளிச்சமும் காற்றும் கொடுத்தால் ஏறத்தாழ ஒரே நாளில் பொரித்துவிடும்.

அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இந்தக் குஞ்சுகள்தான் உலகெங்கும் இறால், மீன் குஞ்சுகளுக்கு முதல் உயிருணவு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள கிரேட் சால்ட் ஏரியிலிருந்து பெருமளவு முட்டைகள் வருகின்றன. நம் இறால் பொரிப்பகங்களும் இறக்குமதி முட்டைகளையே பெரிதும் நம்பியிருக்கின்றன. இத்தனைக்கும் தூத்துக்குடி உப்பளங்களில் ஆணின் துணையின்றியே இனம்பெருக்கும் ஆர்ட்டீமியா இயற்கையாக வாழ்கிறது.

வியட்நாம் காட்டிய வழி

மீகாங் கழிமுகத்தின் வின் சாவ் கடற்கரையில் 1980களில் உப்பு விவசாயிகள் தங்கள் பாத்திகளில் ஆர்ட்டீமியாவை வளர்க்கத் தொடங்கினார்கள். கான் தோ பல்கலைக்கழகம் அவர்களுக்குத் துணை நின்றது. உப்பை மட்டும் நம்பியிருந்த குடும்பங்களுக்கு முட்டை விற்பனை புதிய வருமானமாயிற்று.

ஆனால், அங்கே விடப்பட்டது சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் இனம். அதே அமெரிக்க இனம் ஸ்பெயின், போர்ச்சுகல் உப்பளங்களில் பரவி அந்த ஊர்களின் சொந்த இனங்களை ஒடுக்கிவிட்டது. எனவே நாம் இறங்குவதானால் முதலில் சொந்த இனத்தைக் காத்து, அதன் முட்டையிடும் திறனை ஆராய்ந்து, அதையே வளர்க்க முயல வேண்டும்.

உப்புக்கும் லாபம்

பாசி மிகுந்தால் நீர் கலங்கிப் பிசுபிசுப்பாகி உப்புப் படிகம் சிறுத்துவிடும். ஆர்ட்டீமியா பாசியைத் தின்று நீரைத் தெளியவைக்கிறது. கடைசிப் பாத்திகளின் சிவப்பு நிறம் வெயிலின் வெப்பத்தை உறிஞ்சி நீர் விரைவாக ஆவியாக உதவுகிறது. கோடியக்கரைக்கு வரும் பூநாரைகளின் செந்நிறத்துக்கும் இந்தப் பாசிகளிலும் ஆர்ட்டீமியாவிலும் உள்ள கரோட்டினாய்டுகளே மூலம்.

ஆர்க்கியாக்களும் ஆய்வுலகுக்குப் பெரும் கொடை தந்தவை. ஒளியின் ஆற்றலால் இயங்கும் பாக்டீரியோரோடாப்சின் என்ற புரதம் 1971இல் இவற்றில் கண்டறியப்பட்டது. இவற்றிலுள்ள அதையொத்த இன்னொரு புரதம், ஒளியைக்கொண்டு நரம்புச் செல்களை அடக்கிப் பார்க்கும் மூளை ஆய்வுக்கு இன்று கருவியாகியிருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

வடகிழக்குப் பருவமழை வந்தால் உப்பள வேலை நின்றுவிடும். தொழிலாளர் குடும்பங்கள் வருமானமின்றித் தவிக்கும். உப்பு வாரும் மாதங்களிலேயே கிடைக்கக்கூடிய இரண்டாவது வருமானம், அந்த மழை மாதங்களைக் கடக்க அவர்களுக்குக் கைகொடுக்கும். தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. 1954இல் பாவ்நகரில் தொடங்கப்பட்ட மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மண்டபத்தில் நிலையம் இருக்கிறது. இந்த அறிவும் உப்பளத் தொழிலாளர்களின் அனுபவமும் ஒன்றுசேர வேண்டும். தொழிலாளர் கூட்டுறவுகளுக்குச் சில பாத்திகளை ஒதுக்கி, உள்ளூர் ஆர்ட்டீமியாவையும் டுனாலியெல்லாவையும் வளர்த்துப் பார்க்க அரசு முன்வர வேண்டும். உப்பளங்களுக்கு வரும் நீரில் கழிவு கலக்காமல் தடுப்பது அதற்கான முதல் படி. அந்தப் பாத்திகளில் விளையும் லாபம், வெயிலில் நின்று உப்பு வாரும் கைகளுக்கே முதலில் போய்ச் சேர வேண்டும்.