முகம் திருத்தக் கற்றவர்கள்

பாப்பிரெட்டிப்பட்டி சுற்றுவட்டாரத்தில் ஒரு வீட்டில் பெரியவர் தவறிவிட்டால், அடக்கம் முடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ அந்த வீட்டிலிருந்து ஒருவர் ஸ்டூடியோவுக்கு வருவார். சட்டைப் பையிலிருந்து வாக்காளர் அட்டையையோ கூட்டுறவுச் சங்கப் பாஸ்புக்கையோ எடுத்து வைப்பார். அதில் கட்டைவிரல் நகத்தளவு ஒரு முகம். பாதிக் கன்னத்தில் ரப்பர் ஸ்டாம்பு விழுந்திருக்கும். “கருமாதிக்குள்ள பிரேம் போட்டுக் குடுத்துருங்கணா. சட்டை போட்ட மாதிரி இருக்கட்டும். பேனருக்கும் இதே படந்தான்.” சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலத்தில், 1990களின் நடுவில், வாக்காளர் அட்டைக்கு வரிசையில் நின்றபோதுதான் இந்தப் பக்கத்துக் கூலிக்காரர்களில் பலர் முதல்முறையாகக் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சிலருக்கு அதுவே கடைசிப் படமும் ஆனது.

நகத்தளவு முகத்தைச் சுவரில் மாட்டும் அளவுக்குக் கொண்டுவருவதும், ஸ்டாம்பு மையை எடுப்பதும், வெறும் மேலுக்குச் சட்டை போட்டுவிடுவதும்தான் சிற்றூர் போட்டோக்காரரின் உண்மையான எடிட்டிங் வேலை. வேலை அன்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை யாரிடம் கற்பது, எப்படிக் கற்பது, யார் கற்கலாம் என்பதுதான் தலைகீழாக மாறியிருக்கிறது.

கறுப்பு வெள்ளைக் காலத்தில் திருத்தம் நெகட்டிவிலேயே நடந்தது. 120 ரோலில் 12 படம். கழுவிக் காய்ந்த நெகட்டிவைச் சாய்வான ஒரு மேசையில் பதித்த மங்கல் கண்ணாடிமேல் வைப்பார்கள். கீழே ஒரு முகக்கண்ணாடி, சன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும். பென்சில் வழுக்காமலிருக்க நெகட்டிவில் பிசின் கலந்த ஒரு மருந்தைத் தடவி, உப்புத்தாளில் ஊசியாகத் தீட்டிய பென்சிலால் அரிசிக் குருணையைவிடச் சிறிய கோடுகளாக இழைப்பார்கள். நெகட்டிவில் கறுப்பது பேப்பரில் வெளுக்கும். ஆகவே கண்ணுக்குக் கீழுள்ள குழி, நெற்றிச் சுருக்கம், அம்மைத் தழும்பு எல்லாம் நெகட்டிவில் வெளிறிய கோடும் புள்ளியுமாகத் தெரியும். அவற்றைப் பென்சிலால் நிரப்பினால் படத்தில் மறையும். கூடிப்போனால் பிளேடால் சுரண்ட வேண்டும். சுரண்டுவது கூடிப்போனால் நெகட்டிவே போச்சு. பிறகு இருட்டறையில், என்லார்ஜர் வெளிச்சத்துக்குக் குறுக்கே தட்டையோ கையையோ ஆட்டி ஓரிடத்தை வெளுக்கவும் இன்னோரிடத்தைக் கறுக்கவும் வைப்பது. கடைசியாக, படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ. பேப்பர் பல நேரம் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ மார்க். அந்த ஆலை மூடிப்போய்விட்டது. ஊட்டியில் இந்து நகர் என்ற ஊர்ப்பெயர் மிச்சம்.

இதையெல்லாம் கற்க மாஸ்டரிடம் சேர வேண்டும். முதலில் தட்டு கழுவுதல், மருந்து கரைத்தல், ஈரப் படத்தைப் பளபளப்பாகக் காயவைத்தல், கல்யாண வீட்டில் லைட் பிடித்தல். பென்சிலைத் தொடுவதற்குள் மீசை முளைத்துவிடும். மாஸ்டர் சொல்லித்தர மாட்டார். பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிலர் பார்க்கவும் விடமாட்டார்கள். முக்கியமான மருந்துக் கலவையைப் பையனைக் கடைக்கு அனுப்பிவிட்டுப் போடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அரூருக்கும் சேலத்துக்கும் நடுவே ஒரு சிறு ஊரில் ஒரு ஸ்டூடியோவுக்குத்தான் பிழைப்பு உண்டு. கற்ற பையன் எதிர்க்கடை போட்டால் இருவர் வயிறும் காயும். பெண்பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. கதவடைத்த இருட்டறைக்குள் அந்நிய ஆணோடு நின்று தொழில் பழக எந்த வீட்டில் அனுப்புவார்கள்?

இந்த வேலையை இருட்டறையிலிருந்து கணினிக்கு மாற்றிய மென்பொருள் போட்டோஷாப். தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அமெரிக்க அண்ணன் தம்பி உருவாக்கிய அது 1990 பிப்ரவரியில் வெளிவந்தது, அதுவும் மெக்கின்டாஷுக்கு மட்டும். அதை விண்டோஸுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சீதாராமன் நாராயணன், திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். போட்டோஷாப் திறக்கும்போது முகப்பில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அந்தப் பெயரை உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள். நம்மூர் டிசைனர்களுக்கு அதில் ஒரு தனிக் குஷி. பட்டனெல்லாம் ஆங்கிலமாக இருக்கும் பெட்டிக்குள் நம்மாள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் அல்லவா!

தருமபுரி, சேலம் டிடிபி சென்டர்கள் வழியாகத்தான் போட்டோஷாப் இந்தப் பக்கம் வந்தது. பேஜ்மேக்கர், கோரல்டிரா, போட்டோஷாப் மூன்றும் சேர்த்து ஒரு கோர்ஸ். 2002இல் வந்த 7.0 பதிப்பு சிற்றூர்களில் வெகுகாலம் ஓடியது. பழைய கம்ப்யூட்டரில் திணறாமல் இயங்கும், தழும்பைத் தானே ஆற்றும் ஹீலிங் பிரஷ் அதில்தான் முதலில் வந்தது. காசு கொடுத்து வாங்கியவர் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. சிடி கைமாறிக் கைமாறி வந்தது. கணினி வந்ததும் மாஸ்டர் காலம் முடிந்தது என்று நினைத்தால் தப்பு. மறைப்பது மருந்திலிருந்து கீபோர்டுக்கு மாறியது, அவ்வளவுதான். சீனியர் டிசைனர் மெனுவையே திறக்காமல் இடது கையால் படபடவென்று தட்டிவிட்டு நிமிர்வார். பக்கத்தில் நிற்கிற பையனுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

தமிழ் எழுத்து இன்னொரு தலைவலி. பழைய போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் சிதறும். ஆகவே பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு தட்டச்சு முறை. ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பிழையில்லாமல் அடிக்கத் தெரிவதே தனித் தொழிலாக இருந்தது. எந்த வெளிநாட்டுப் பாடமும் இதைச் சொல்லித்தந்ததில்லை.

வீடியோவில் மென்பொருள் கற்பிக்கும் தொழில் அமெரிக்காவில் இதற்குள் பெரிதாக வளர்ந்துவிட்டது. லிண்டா வைன்மனும் அவர் கணவரும் 1995இல் தொடங்கிய லிண்டா.காம் முதலில் வகுப்பும் கேசட்டுமாக இருந்து, இணையத்துக்கு வந்து, 2015இல் 150 கோடி டாலருக்கு லிங்க்ட்இன் கைக்குப் போனது. நம்மூருக்கு அந்த மாதிரிப் பாடங்கள் டிவிடியில் நகலாகத்தான் வந்தன. படம் புரியும், பேச்சு புரியாது. அம்புக்குறி எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள் ஒரு தலைமுறை. ஒலியை அணைத்துவிட்டே பார்ப்பார்கள்.

என் கணக்கில் முக்கியமான திருப்பம் அமெரிக்காவிலிருந்து வரவில்லை, மும்பையிலிருந்து வந்தது. ஐஐடி பம்பாயில் கண்ணன் மௌத்கல்யா என்ற வேதிப் பொறியியல் பேராசிரியர் மத்திய அரசு நிதியில் நடத்திய ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் அது. இலவச மென்பொருள்களுக்குச் சுமார் பத்து நிமிடப் பாடங்கள். பக்கத்தில் ஆசிரியர் இல்லாமலே ஒருவர் தனியாகக் கற்க வேண்டும் என்பது நிபந்தனை. போட்டோஷாப்புக்கு இலவச மாற்றான கிம்ப்புக்கும் அதில் பாடம் உண்டு. ஜெர்மனியின் பிரெமன் நகரிலிருந்து ரால்ஃப் ஸ்டைனார்ட் என்பவர் பதிவுசெய்த பாடங்களை எடுத்து, பேச்சை மட்டும் தமிழில் மாற்றினார்கள். திரையில் ஆங்கிலம் அப்படியே இருக்கும். நாளை வேலைக்குப் போகும் இடத்தில் ஆங்கில மெனுதானே இருக்கும் என்பது அவர்கள் வாதம். சரியான வாதம். முழுக்கத் தமிழாக்கிய மென்பொருளில் பழகியவன் சேலம் கலர் லேப்பில் போய் முழிப்பான். இணைய வசதி இல்லாத ஊர்களுக்குச் சிடியிலும் கொடுத்தார்கள். 2011 செப்டம்பரில் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் முதலில் விண்டோஸோடு, இலவச இயங்குதளமான பாஸ் லினக்ஸும் இருந்தது. பிரெமன் பாடமும் அரசு லேப்டாப்பும் பிளஸ் டூ பிள்ளைகள் கையில் சந்தித்திருக்க வேண்டும். சந்தித்தது குறைவு. லினக்ஸ் பக்கம் போனவர்கள் சிலரே. லேப்டாப்பில் முதலில் ஏறியது சினிமா, அடுத்து அதே பழைய நகல் போட்டோஷாப். கடைக்காரர் எதில் வேலை கேட்கிறாரோ அதைத்தானே பையன் கற்பான்?

அதே சமயம் மின்வெட்டு. 2012இல் இந்தப் பக்கம் ஒரு நாளில் பாதிக்குமேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. திறந்திருந்த ஆல்பம் ஷீட் கண்ணெதிரே அணையும். போட்டோஷாப் தானாகச் சேமித்து மீட்கும் வசதி அந்த வருடம் வந்த சிஎஸ்6 பதிப்பில்தான் வந்தது. கைக்கு வந்து சேர்வதற்குள் இன்னும் சில வருடம். அந்தக் காலத்தில் கற்றவர்களை இப்போதும் அடையாளம் காணலாம்: இரண்டு வேலைக்கு ஒருமுறை கை தன்னால் கன்ட்ரோல் எஸ்ஸுக்குப் போகும்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டாவைக் கஞ்சத்தனமாகச் செலவழித்த ஊர் யூடியூப்பைத் திறந்து வைத்துக்கொண்டது. தமிழ்ப் பாடங்கள் குவிந்தன. “இப்ப லேயரை ஒரு டூப்ளிகேட் எடுத்துக்கறேன் ஃப்ரெண்ட்ஸ், கன்ட்ரோல் ஜே.” மாஸ்டர் முதுகைத் திருப்பிக்கொண்டு செய்ததை ஒருவர் மைக் வைத்து உரக்கச் சொல்கிறார், போதாதென்று பிஎஸ்டி கோப்பையும் கீழே இணைத்துக் கொடுக்கிறார். போனை மானிட்டர்மேல் சாய்த்து வைத்து, ஓடவிட்டு, நிறுத்தி, செய்துபார்த்து, பின்னால் தள்ளி மறுபடி கேட்டுக் கற்கிறார்கள். திட்டாத வாத்தியார், சலிக்காத வாத்தியார். கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்கள் குழந்தை தூங்கும் நேரத்தில் பேனா டூலில் வெட்டப் பழகி, 12க்கு 36 அளவு கரிஷ்மா ஆல்பங்களை ஷீட் கணக்கில் வீட்டிலிருந்தே வடிவமைக்கிறார்கள். எனக்கு இந்த மாற்றத்தில் பெரியதாகத் தோன்றுவது இதுதான். ஸ்டூடியோக்களின் இருட்டறையை மூடியது மென்பொருள். அந்தக் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களை உள்ளே விட்டது வீடியோ.

ஆனால் வீடியோ நம் படத்தைப் பார்க்காது. பாடத்தில் வரும் படம் நல்ல கேமராவில், சமமான வெளிச்சத்தில், வெள்ளைத் திரைக்கு முன் எடுத்தது. நம்மிடம் வருவது லேமினேஷன் உள்ளே தண்ணீர் இறங்கிய பாஸ்புக். பாடப்படி எல்லாம் செய்து முடித்தபின், முகத்தில் வெளிச்சம் இடப்பக்கமும் ஒட்டிய சட்டையில் வெளிச்சம் வலப்பக்கமும் விழும். பழைய மாஸ்டர் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு முறை பார்த்தாலே தலையில் தட்டியிருப்பார். தட்டியதற்குக் காரணம் சொல்லமாட்டார், ஆனால் தப்பு எங்கே என்று கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். போட்டோஷாப்பில் ஓரிடத்தை வெளுக்கவும் கறுக்கவும் வைக்கும் டாட்ஜ், பர்ன் கருவிகளின் சின்னத்தைக் கவனியுங்கள். ஒன்று கம்பியில் செருகிய வட்டத்தட்டு, இன்னொன்று குவித்த கை. இருட்டறையில் என்லார்ஜருக்குக் கீழே ஆட்டிய அதே தட்டும் கையும்தான். வீடியோவில் கற்ற பையனுக்கு அது லாலிபாப். அதனால் ஒன்றும் நஷ்டமில்லை, ஆனால் அந்தக் கை எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் ஆட வேண்டும் என்று தீர்மானித்த கண் எங்கிருந்து வரும்?

வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது என்பது என் அனுபவம். பிரேம் வாங்க வந்த அம்மா படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குது சாமி. ஆனா இது எங்க ஊட்டுக்காரரு இல்லையே” என்பார். மருவை எடுத்திருப்பான் பையன், பாடத்தில் அப்படித்தான் இருந்தது. அந்த மரு இல்லாமல் அவர் இல்லை. இதைவிடக் கறாரான பரீட்சை எந்த ஆன்லைன் கோர்ஸிலும் கிடையாது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்ப் பாடங்களில் அதிகம் ஓடுபவற்றில் முகத்தை வெளுப்பாக்கும் பாடம் எப்போதும் உண்டு. வாணியாறு பாசனத்தில் கரும்பு வெட்டி வெயிலில் கறுத்த முகத்தை மாவு பூசியதுபோல் ஆக்கி ஃபிளெக்ஸில் ஏற்றுகிறார்கள். இதற்கு யூடியூப்பை மட்டும் திட்ட முடியாது. நெகட்டிவில் பென்சில் வைத்த மாஸ்டரும் வெளுக்கத்தான் வைத்தார். பென்சிலுக்கு ஓர் எல்லை இருந்தது, ஸ்லைடருக்கு இல்லை.

2023இல் போட்டோஷாப்புக்குள்ளேயே படத்தைத் தானே உருவாக்கும் ஏஐ வந்தது. அதற்கு முன்பே, மங்கலான முகத்தை ஒரே தட்டில் தெளிவாக்கும் போன் செயலிகள் வந்துவிட்டன. நகத்தளவுப் படத்தைக் கொடுத்தால் கண்ணிமை எண்ணும் அளவுக்கு ஒரு முகம் வரும். அந்த இமைகள் இறந்தவருடையவை அல்ல. வேறு எத்தனையோ முகங்களைப் பார்த்து எந்திரம் ஊகித்தவை. அந்த அம்மாவின் “இல்லையே” இப்போது முன்னைவிட அடிக்கடி கேட்கிறது. கெட்டிக்கார டிசைனர்கள் எந்திரம் கொடுத்ததன்மேல் பழைய படத்தை ஒரு லேயராக வைத்து, கண்ணையும் வாயோரத்தையும் கையால் மீட்கிறார்கள். அதற்கு இப்போதைக்குத் தனிப் பாடம் தேட வேண்டியதில்லை, 7.0 காலத்தில் கற்றதே போதும்.

ஆடியில் முகூர்த்தம் இல்லை. ஒகேனக்கலுக்கு ஆடிப்பெருக்குக் கூட்டம் போகும், ஸ்டூடியோ காற்றாடும். அதனால் ஆடிதான் இந்தத் தொழிலில் பாட மாதம். மார்கழி இரண்டாவது பருவம். எந்தப் புதுக் கருவியும் அப்போதுதான் கற்கப்படுகிறது. ஒரு காலத்தில் பையனை உள்ளே விடாத மாஸ்டர்களில் மிஞ்சியிருப்பவர்களும் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிக்கொண்டு, மீசை அரும்பாத ஒருவன் நடத்தும் பாடத்தைப் பார்க்கிறார்கள். இறந்துபோன அப்பா கல்யாண மண்டபத்துக்குள் நடந்துவந்து மணமக்களை வாழ்த்துவதுபோல வீடியோ செய்து தரச் சொல்லி இப்போது கேட்கிறார்கள். அதற்கும் தமிழில் பாடம் வந்துவிட்டது. ஆவணி முகூர்த்தத்துக்குள் கற்றாக வேண்டும். அப்பா வலது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார் என்று கல்யாணப் பெண் சொன்னால், அதை எப்படிக் கொண்டுவருவது என்று இன்னொரு வீடியோவைத் தேட வேண்டும்.