முதியோர் வந்து போக வழி வேண்டாமா?

பழைய வாடிக்கையாளர்கள் கடைப்பக்கம் வருவதில்லை என்று நம்மில் பலர் குறைப்பட்டுக்கொள்கிறோம். பெரிய அங்காடிகளையும் செல்போன் ஆர்டரையும் குற்றம் சொல்கிறோம். அதில் உண்மை உண்டு. ஆனால் எழுபது வயதுக்காரர் ஒருவர் நமது கடைவீதியில் தடுக்கி விழாமல் நடந்து வர முடியுமா என்று நாம் பார்த்ததுண்டா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 10 பேர். 2031-ல் 18 பேர் இருப்பார்கள் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. கேரளாவுக்கு அடுத்தபடி நாம்தான்.

தெரு, சாக்கடை, விளக்கு, கழிப்பிடம் எல்லாம் நகராட்சியின் பொறுப்பு. முதியோருக்கென்று தனித் திட்டம் தீட்டுமுன் இந்த நான்கையும் சரிசெய்தாலே பாதி வேலை முடியும். கடைத்தெரு நடைபாதை தடையின்றி இரண்டரை மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும், அதன் உயரம் அரை அடியைத் தாண்டக்கூடாது என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. நமது ஊர்களிலோ சாக்கடை மூடிதான் நடைபாதை. அதிலும் நாலு கல்லுக்கு ஒரு கல் இருக்காது. கழிப்பிடம் இல்லாத வீதிக்குச் சர்க்கரை நோயாளி எப்படி வருவார்?

நகராட்சியை மட்டும் சொல்லிப் பயனில்லை. எங்கள் மண்டி வாசலில் இறக்கி வைத்திருந்த பருப்பு மூட்டைகளைச் சுற்றிப் போகச் சாலையில் இறங்கினார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். மோட்டார் சைக்கிள் தட்டி இடுப்பெலும்பு முறிந்தது. வருடத்துப் புளி, மிளகாய் எல்லாம் எங்களிடமே எடுத்தவர். அதன்பின் அவர் கடைவீதிக்கு வரவேயில்லை. இப்போது காலை எட்டு மணிக்குள் லோடு இறக்கி, மூட்டைகளை உள்ளே அடுக்கிவிடுகிறோம். கூலி சற்றுக் கூடியிருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கி இருக்கைகளும் போட்டார்கள். அவ்வளவு செலவு சிற்றூர் நகராட்சிகளுக்குத் தாங்காது. நாம் கேட்க வேண்டியது சாக்கடைக்கு முழு மூடி, படிகளில் கைப்பிடி, நிழலில் ஓர் இருக்கை, உட்கார்ந்து எழ வசதியான ஒரு கழிப்பிடம். அவ்வளவுதான்.

கிராம சபை போல நகரங்களிலும் பகுதி சபாக்கள் நடத்த 2022-ல் அரசு விதி வகுத்திருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு நமது சங்கத்தார் மனுவோடு போக வேண்டும். போகுமுன் அவரவர் வாசலில் நிற்கும் விளம்பரப் பலகையையும் ஸ்டூலையும் உள்ளே எடுத்து வைத்துவிடுவது நல்லது. அதிகாரிகள் முதலில் அதைத்தான் காட்டுவார்கள்.