யாருக்காக இந்த நடை?

ஆகஸ்டு 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறுவதற்குச் சில நாள் முன்பிருந்தே, காரைக்கால் வழியாகத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலை ஒரு செபக்கூடமாகிவிடுகிறது. காவியுடை தரித்து, காலில் செருப்பின்றி, அன்னையின் சிறு தேரைத் தள்ளிக்கொண்டு, செபமாலை சொல்லியவாறு மக்கள் இரவும் பகலும் நடந்து போகின்றனர். மகனுக்கு வேலை, மகளுக்குப் பிள்ளை, தீராத நோய்க்குத் தீர்வு என ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு பொருத்தனை இருக்கிறது.

சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளி இரவு, பங்கு மக்கள் நாற்பது பேரோடு நாமும் அதே சாலையில் நடந்தோம். இம்முறை எவரும் தமக்கென்று எதையும் வேண்டி நடக்கவில்லை. புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்டுவதே நோக்கம். ஒவ்வொருவரும் தாம் நடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று உற்றார் உறவினரிடம் வாக்குப் பெற்று வந்திருந்தனர். இந்த எண்ணம் நமக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால், நம் குறையொன்றை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்று முறை வந்தவர்

காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் ஒரு தாய் இருந்தார். சம்பந்தர் பாடிய தலமென்று சைவப் பெருமக்கள் போற்றும் அவ்வூரில், நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவே. வயல் வேலை செய்து, கணவரை இழந்த பின் மகளைப் படிக்கவைத்துக் கரையேற்றியவர் அவர். ஒருநாள் திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் நின்றார். "அடிவயித்துல ஒரே குத்தலா இருக்கு சாமி, வேண்டிக்குங்க" என்றார். தலைமேல் கைவைத்துச் செபித்தோம். வேளாங்கண்ணி எண்ணெய் கொடுத்து அனுப்பினோம். அடுத்த மாதமும் வந்தார். பிறகும் ஒருமுறை வந்தார். மூன்று முறையும் செபித்தோம். ஒருமுறையேனும், "அம்மா, மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்று கேட்டோமில்லை.

மாதவிலக்கு நின்று பல ஆண்டுகள் சென்றபின் மீண்டும் இரத்தம் கண்டதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. நம்மிடம் எப்படிச் சொல்வார்? பெற்ற மகளிடமும் சொல்லவில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது முற்றிப் பரவியிருந்தது. ஏறத்தாழ 130 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள புதுச்சேரிக்குப் பேருந்தில் போவதும் வருவதுமாகச் சில மாதங்கள் கழிந்தன. பின்பு இறைவன் அவரை அழைத்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்புகையில் மகள் நம்மிடம் வந்தார். "அம்மா உங்ககிட்ட மூணு தடவை வந்தாங்களாமே சாமி?" அவ்வளவுதான் கேட்டார். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 77,000 பெண்கள் இதே நோயினால் இறந்ததாகப் பன்னாட்டுக் கணக்கு கூறுகிறது. அந்தத் தொகை நமக்கு வெறும் எண்ணாக இனி இருக்க முடியாது. அதில் ஒருவர் நம் கோவில் வாசலில் மூன்று முறை நின்றிருக்கலாமல்லவா?

இரவில் ஏன்?

நடைக்கு நாள் குறித்தபோது, "பகலில் நடந்தாலென்ன?" என்று பெரியவர்கள் சிலர் கேட்டனர். அவர்களுக்கு ஓர் அமெரிக்க அறுவை மருத்துவரின் கதையைச் சொன்னோம். வாஷிங்டன் மாநிலத்து டக்கோமா நகரைச் சேர்ந்த கார்டன் கிளாட் என்பவர், 1985 மே மாதத்தில் ஒரு கல்லூரியின் விளையாட்டுத் திடலை 24 மணி நேரம் ஓயாமல் சுற்றி வந்தார். ஓடியும் நடந்தும் அவர் கடந்தது 83 மைல். நண்பர்கள் 25 டாலர் செலுத்தி அரைமணி நேரம் அவருடன் நடந்தார்கள். சேர்ந்த தொகை 27,000 டாலர். இன்று பல நாடுகளில் நடைபெறும் இரவு நடைகளுக்கு அந்த ஒரு மனிதரின் நடை வித்தானது. நோயாளிக்கு இரவில்தான் வலி பெரிதாகும், அச்சமும் பெரிதாகும். அவர் உறங்காத ஓர் இரவில் நாமும் உறங்காதிருப்பது, அவருடைய துன்பத்தின் ஓரத்தையாவது தொட்டுப் பார்ப்பதாகும்.

இரவு எட்டு மணிக்குத் தருமபுரத்தில், அந்தத் தாயின் வீட்டு வாசலிலிருந்தே புறப்பட்டோம். மகள் கையில் ஒரு அரிக்கேன் விளக்கு. உண்டியலாக ஒரு பால்மாவு டப்பா. அரசலாற்றுப் பாலத்தைக் கடந்து நிரவியை நெருங்கும்வரை இளைஞர்களின் பாட்டும் சிரிப்பும் ஓயவில்லை. திருமலைராயன்பட்டினம் தாண்டியபோது பாட்டு நின்றது. கால்கள் பேசத் தொடங்கின.

அப்போது ஒரு கல்லூரி மாணவன் கேட்டான்: "சாமி, நோயாளிகளுக்கு மருந்து வாங்கப் பணம் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியும். ஆய்வுக்குக் கொடுத்தால் எங்கே போகிறதென்று யாருக்குத் தெரியும்?"

நல்ல கேள்வி. அதற்கு விடையாக டெரி ஃபாக்ஸைப் பற்றிச் சொன்னோம். கனடா நாட்டு இளைஞர் அவர். எலும்புப் புற்றுநோயால் 1977-இல் வலக்காலை இழந்தார். பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 50 என்றனர் மருத்துவர்கள். இரண்டே ஆண்டுகளுக்கு முன் அந்நோய் கண்டிருந்தால் அது நூற்றுக்கு 15-ஆகத்தான் இருந்திருக்கும் என்றும் கூறினர். இந்த வேறுபாட்டை உண்டாக்கியது ஆய்வுதான் என்பதை அவர் கண்டுகொண்டார். 1980 ஏப்ரல் 12 அன்று, செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது. 1981 சூன் 28 அன்று, 22 வயதில் மறைந்தார். ஆளுக்கு ஒரு டாலர் என்று அவர் தம் நாட்டினரிடம் கேட்டிருந்தார். அவர் கண்மூடுமுன் அந்த இலக்கு எட்டப்பட்டிருந்தது.

அவரால் பிழைத்தவர்களை அவர் பார்த்ததில்லை. அவரைச் சில ஆண்டுகள் வாழவைத்த ஆய்வாளர்களும் அவரை அறிந்திருக்கவில்லை.

கடலுக்கு அப்பால்

நள்ளிரவு கடந்து நாகூரை அடைந்தோம். தர்காவின் ஐந்து மினாராக்களும் தொலைவிலேயே வழிகாட்டின. திறந்திருந்த ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தோம். எதற்காக இந்த நேரத்தில் நடக்கிறோம் என்று கடைக்காரர் கேட்டார். சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தேநீருக்குரிய பணத்தை வாங்கி, அப்படியே நம் டப்பாவில் போட்டுவிட்டார். "என் அண்ணனுக்குத் தொண்டையில வந்துச்சு" என்றார்.

நாகப்பட்டினத்தில் கடற்காற்று வீசியது. 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டது இந்தத் துறைமுகத்திலிருந்துதான். காங்கேசன்துறைக்கு அருகிலேயே தெல்லிப்பழை இருக்கிறது. அங்கே எழுந்த புற்றுநோய் மருத்துவமனை, நடந்த கால்களால் எழுந்தது என்றால் மிகையாகாது. போர் ஓய்ந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த 2011 சூலையில், தென்கோடித் தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடிப் பருத்தித்துறைவரை, ஏறத்தாழ 670 கிலோமீட்டரை 27 நாட்களில் நடந்தே கடந்தனர் சிலர். வழிநெடுகப் பல்லாயிரவர் அவர்களோடு சேர்ந்து நடந்தனர். தெற்கே தொடங்கிய அந்த நடையின் பயன் வடக்கே தமிழ் நோயாளிகளுக்குச் சென்றது. 2016-இல் அதே பாதையில் வடக்கிலிருந்து தெற்கே நடந்து, காலியை அடுத்த கராப்பிட்டியவில் புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்டினர். குண்டுகள் பிரித்த மக்களை ஒரு நோயைப் பற்றிய கவலை ஒரே சாலையில் நடக்கவைத்தது!

திண்டுக்கல் கண்ட உண்மை

கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் கடினமானது. நம் வயதுக்கு முழங்கால்கள் ஒத்துழைக்க மறுத்தன. அந்த மகள் விளக்கை மாற்றிப் பிடித்துக்கொண்டு நம்மருகே நடந்தார். "அம்மாவைக் காப்பாத்தியிருக்க முடியுமா சாமி?" என்று கேட்டார்.

உண்மையை மறைக்கவில்லை. முடிந்திருக்கும் என்றோம். அந்த உண்மையை உலகுக்குச் சொன்ன ஆய்வுகளில் ஒன்று நம் தமிழகத்துக் கிராமங்களில்தான் நடந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவமனையும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் இணைந்து 2000-ஆம் ஆண்டில் அதைத் தொடங்கின. 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் சோதனை செய்தனர். சோதனை மிக எளியது. காடியிலுள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெறுங்கண்ணால் பார்ப்பார்கள். மாறுபட்ட திசு வெண்மையாகத் தோன்றும். அதைக் குளிரூட்டி உறையவைத்து நீக்கிவிடலாம். சோதனை நடந்த ஊர்களில், நடவாத ஊர்களைவிட இந்நோய் 25 விழுக்காடும், அதனால் வந்த சாவு 35 விழுக்காடும் குறைந்தன என்பது 2007-இல் வெளியான முடிவு.

அந்தக் கிராமத்துத் தாய்மார்கள் வெட்கத்தை ஒதுக்கிவைத்துச் சோதனைக்கு வந்ததால்தான் இந்த அறிவு கிடைத்தது. ஆய்வு என்பது எங்கோ கண்ணாடிக் குழாய்களுக்கிடையே நடப்பது மட்டுமன்று.

துயரத்தைத் தொண்டாக மாற்றியவர் நம் மண்ணிலேயே உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரம் அவரை விடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடி, 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். இதைக் கேட்ட மகள் மறுமொழி சொல்லவில்லை. ஆனால் நடை வேகமாயிற்று. நாம்தான் பின்தங்கினோம்.

விடியலில்

கிழக்கு வெளுக்கும்போது அன்னையின் பேராலயக் கோபுரங்கள் தெரிந்தன. உண்டியலை எண்ணினோம். பெருந்தொகையன்று; ஆயினும் ஒரு காசு குறையாமல் ஆய்வு நடத்தும் மருத்துவ நிலையமொன்றுக்கு அனுப்பினோம். அது எந்த மருந்தாகும், எந்த ஊரில் எந்தப் பிள்ளையின் தாயைக் காக்கும் என்று அறியோம். சமாரிய நாட்டுக் கிணற்றருகே ஆண்டவர் விதைப்பையும் அறுவடையையும் பற்றிச் சீடர்க்குச் சொன்னதை அன்று காலைத் திருப்பலியில் நினைத்துக்கொண்டோம்.

நடையோடு காரியம் முடியவில்லை. அடுத்த வாரம் அந்த மகள் தம் தெருப் பெண்கள் பதினொருவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். முதலில் சோதனைக்குச் சென்றவர் அவரேதான். ஒருவருக்கு வெண்மை கண்டு உடனே சிகிச்சை அளித்தார்களாம். அவர் எந்தச் சமயத்தவர் என்று நாம் கேட்கவில்லை.

அன்பார்ந்த தாய்மார்களே! 30 வயது கடந்திருந்தால், வலி இல்லையென்றாலும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். ஒன்பது முதல் பதினான்கு வயதுவரையுள்ள பெண்மக்களுக்கு இந்நோயைத் தடுக்கும் ஊசி இருக்கிறது, மருத்துவரைக் கேளுங்கள். ஆடவர்களே, மனைவியைத் தனியே அனுப்பாமல் உடன் செல்லுங்கள்.

இப்போதும் கோவில் வாசலில் எவரேனும் வந்து வேண்டிக்கொள்ளச் சொன்னால் தலைமேல் கைவைத்துச் செபிக்கிறோம். செபித்து முடித்ததும், "மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்று கேட்கிறோம்.