நிபந்தனை இல்லாத கதவு

1890களின் லண்டன். வீடற்றவர்களுக்கு இரட்சணிய சேனை நடத்திய இரவுத் தங்குமிடத்தில் ஒரு பென்னி கொடுத்தால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம், படுக்கக் கூடாது. நான்கு பென்னி கொடுத்தால் படுக்க ஒரு மரப்பெட்டி, போர்த்திக்கொள்ளத் தார்ப்பாய். சவப்பெட்டி என்றே ஊர் அதைச் சொன்னது. அந்தக் காலப் புகைப்படங்களில் வரிசை வரிசையாக அந்தப் பெட்டிகளைப் பார்த்தால் மனம் பதறும். ஆனால் குளிரில் தெருவில் கிடந்தவருக்கு அது கூரை.

வில்லியம் பூத்தும் மனைவி கேத்தரினும் 1865இல் கிழக்கு லண்டனில் தொடங்கிய ஊழியமே இந்தச் சேனை. நாகர்கோவிலில் உள்ள கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியின் பெயரில் இருப்பவர் இவர்தான். பசித்த வயிற்றுக்குப் பிரசங்கம் ஏறாது என்று கண்ட பூத், 1888இல் லைம்ஹவுஸில் மலிவு உணவும் தங்குமிடமும் திறந்தார். தெருவில் விழுந்த வண்டிக்குதிரையைத் தூக்கி நிறுத்துகிறோமே, அதற்குத் தீனியும் கொட்டிலும் வேலையும் தருகிறோமே, மனிதனுக்கு அவ்வளவாவது கூடாதா என்று 1890இல் நூலெழுதி வாதாடினார். மறு ஆண்டே எஸ்ஸெக்ஸில் ஹேட்லி பண்ணை வந்தது. நகரத்தில் வேலையற்றுக் கிடந்தவர்கள் அங்கே செங்கல் அறுத்தார்கள், காய்கறி பயிரிட்டார்கள். மதுவுக்கு மட்டும் அங்கே இடமில்லை.

இன்று பிரிட்டனில் சேனையின் விடுதிகளில் தனி அறை உண்டு. கார்டிஃபில் இன்னும் ஒரு படி மேலே போய், தெருவில் இருப்பவருக்கு முதலில் வீட்டையே தருகிறார்கள். குடியை விட்டால்தான் சாவி என்ற பேச்சே இல்லை. ஹெராயின் அளவு மீறி மூச்சு அடங்குகிறவரை மீட்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுக்க விடுதி ஊழியர்கள் பயிற்சி பெறுகிறார்கள். எங்கும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் இதே சேனையின் மறுவாழ்வு மையங்களில் உழைப்பும் மதுவிலக்கும் இன்னும் நிபந்தனைதான்.

சேனை வீரராக, அதாவது முழு உறுப்பினராக, சேருகிறவர் மதுவும் புகையிலையும் தொடமாட்டேன் என்று இன்றும் கையெழுத்திடுகிறார். தன் கட்டுப்பாட்டைத் தளர்த்தாமல், குடித்துவிட்டு வருகிறவரை அவர் உள்ளே அழைக்கிறார். இதைக் கொள்கை தளர்ந்ததாகச் சிலர் நினைக்கலாம். பூத்தின் விசுவாசம் இப்போதுதான் முழு வளர்ச்சி அடைந்திருக்கிறது என்பேன் நான்.

அன்று குடியிலிருந்து மீண்டவரை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைத்தார்கள். இன்றும் மீண்டவர்தான் முன்னே வருகிறார், ஆனால் மேடைக்கு அல்ல. ஸ்டெர்லிங் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் பங்கேற்ற சேனை, அப்படிப்பட்டவர்களையே வீடற்றவர்களுக்கு வழித்துணையாக வேலைக்கு வைத்தது. டாக்டரிடம் போக, அரசு உதவிக்கு மனுப்போட, வீடு தேட என்று கூடவே போனார்கள். போதையை முதலில் விடு என்று யாரிடமும் சொல்லவில்லை.