விசா வேண்டாம்னா அப்படியே போயிடலாமா?

நம்ம புதுச்சேரியில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் நிறைய பேர் உண்டு. எங்க பக்கத்து வீட்டுத் தாத்தாவும் அப்படித்தான். பேத்தியைப் பார்க்கக் கனடா கிளம்புகிறார்.

அவருக்கு விசா வேண்டாம். ஆனா விமானத்தில் போக 'இ.டி.ஏ.' என்ற மின்னணுப் பயண அனுமதி வேணும். இது 2016-ல் வந்த விதி. வருபவர் யாரென்று விமானம் ஏறும் முன்பே சரிபார்க்கத்தான்! இணையத்தில் 7 கனடா டாலர் கட்டி விண்ணப்பிக்கணும். அனுமதி பாஸ்போர்ட்டோடு கணினியில் இணைந்திருக்கும். 5 ஆண்டு வரை செல்லும். இடையில் பாஸ்போர்ட் மாறினால் அனுமதியும் போச்சு!

தாத்தா போன மாசம்தான் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தார். "பழைய அனுமதி இருக்கே" என்றார். "அது செல்லாது தாத்தா, விமானத்தில் ஏத்த மாட்டாங்க" என்றேன். உடனே புதுசா விண்ணப்பித்தோம்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் விசாவேதான் வாங்கணும். 'விசா வேண்டாம்' என்பவர்களுக்கும் 'அனுமதியே வேண்டாம்' என்று அர்த்தமில்லை. தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்க!