ஆளில்லாத பாதையும் சும்மா கிடக்கும் சார்ஜரும்

"போனைக் கழற்றியாச்சு, சார்ஜர் மட்டும் சுவரில கிடக்கு. இதுக்கும் கரண்ட் போகுமா சேர்?" மாணவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. போகும் என்பதுதான் விடை. எவ்வளவு போகும் என்பது, வேலையில்லாத நேரத்தில் அந்தச் சார்ஜர் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பொறுத்தது.

முன்பு வந்த கனமான சார்ஜர்களில் இரும்பு நிலைமாற்றி ஒன்று இருந்தது. போன் இல்லாவிட்டாலும் அது மின்னை இழுத்துக்கொண்டே இருக்கும். தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடு தெரியும். இன்றைய இலேசான சார்ஜர் வேறு விதம். சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் ஆடலோட்டத்தை அது முதலில் சுமார் 325 வோல்ட் நேரோட்டமாக மாற்றுகிறது. பிறகு மின்னணு ஆளி ஒன்று அதைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடி, சிறு சிறு பொட்டலங்களாகச் சின்ன நிலைமாற்றி ஒன்றின் வழியே அனுப்புகிறது. வெளிப்பக்கத்தில் எவ்வளவு தேவை என்று பார்த்து அந்த ஆளியை ஆட்டி வைப்பது ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு.

இதில் சிக்கல் எங்கே? 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன், துறையடியில் பாதைக்குக் காத்து நின்ற காலத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். பாதையில் நூறு பேர் ஏறினாலும் ஒருவர் ஏறினாலும், அக்கரைக்கு ஒரு தடவை போய்வரும் எரிபொருள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆளியும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் கொஞ்சம் சக்தி வீணாகும்; போன் மின்னைக் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அந்தச் செலவு உண்டு.

ஒரு கணக்குப் போடுவோம். ஆளி செக்கனுக்கு 65,000 தடவை இயங்குகிறது. தடவைக்கு 3 மைக்ரோயூல் வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் கிட்டத்தட்ட 0.2 வொட். போன் 10 வொட் எடுக்கும்போது இது நூற்றுக்கு இரண்டு. யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். போன் இல்லாதபோதோ அந்த 0.2 வொட்டும் முழுக்க வீண்.

இதற்குச் சில்லுகள் இரண்டு உபாயங்களைக் கையாளுகின்றன. முதலாவது, சுமை குறையக் குறைய ஆளியின் வேகத்தைக் குறைப்பது: 65,000 என்பது 25,000 வரை இறங்கலாம். இரண்டாவது, தேவை மிகவும் குறைந்ததும் சில பொட்டலங்களை ஒரு கொத்தாக அனுப்பிவிட்டு, வெளிப்பக்க வோல்ட் சற்று இறங்கும்வரை ஆளியை முற்றாக நிறுத்தி வைப்பது. பாதைக்காரர் ஆள் சேரும்வரை காத்திருந்து ஒரே ஓட்டமாக ஓடுவதுபோல.

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஆளி நிற்கும் இடைவெளியில் வெளி வோல்ட் மெல்ல இறங்கும். அந்த நேரம் பார்த்துத் திடீரென்று போனைச் சொருகினால், சில்லு விழித்தெழும்வரை தாக்குப்பிடிக்கப் போதிய கொள்ளளவி இருக்க வேண்டும். இன்னொன்று, மனிதக் காதுக்கு எட்டும் ஒலியின் மேல் எல்லை செக்கனுக்குச் சுமார் 20,000 அதிர்வு. கொத்துக் கொத்தாக அனுப்பும் வேகம் அதற்குக் கீழே விழுந்தால் நிலைமாற்றியும் கொள்ளளவியும் அதிர்ந்து "ஙீ..." என்று மெல்லிய இரைச்சல் எழும். ஊர் அடங்கிய சாமத்தில் தலைமாட்டில் கேட்கிற சத்தம் பெரும்பாலும் இதுதான். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அதோடு சூடோ தீய்ந்த மணமோ சேர்ந்தால் உடனே ஆளியை அணைத்துவிட்டுக் கழற்றி விடுங்கள்.

சில்லு செய்வோர் இவ்வளவு சிரமப்பட்டதற்குக் காரணம் உண்டு. சும்மா இருக்கும் எந்தச் சாதனமும் 1 வொட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற திட்டத்தை 1999இல் சர்வதேச சக்தி முகவரகம் முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதை 2010இல் விதியாக்கி, 2013இல் 0.5 வொட்டாக இறுக்கியது. போன் சார்ஜர் போன்ற சிறியவை சுமையின்றிக் கிடக்கும்போது 0.1 வொட்டைத் தாண்டக்கூடாது என்பது 2020 முதல் அங்குள்ள விதி.

நமக்கு இதில் என்ன? நம் நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் மாதம் 60 யூனிட் ஓர் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் கூடிய கட்டணப் பட்டியலுக்குள் போய்விடுவோம். வேலையில்லாமலே 2 வொட் இழுக்கும் பழைய பொருட்கள் ஐந்து ஒரு வீட்டில் இருந்தால், மாதத்துக்கு 7.2 யூனிட். 55 யூனிட்டோடு நிற்க வேண்டிய வீடு 62ஐத் தொட்டுவிடும். தையல் மெசினை நம்பிப் பிள்ளைகளை வளர்க்கிற ஒரு உம்மாவுக்கு இது சின்னக் கணக்கு அல்ல. நல்ல புதிய சார்ஜர்கள் ஐந்தும் சும்மா கிடந்தால் அரை யூனிட்கூட வராது.

ஓடும் ஆற்றங்கரையில் வுழூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கலாகாது என்ற படிப்பினை நமக்குப் புதிதல்ல. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவைச் சுற்றி வாழும் நாம், அதைச் சுவரில் இருக்கும் ஆளிக்கும் பொருத்திப் பார்க்கலாம். இன்றிரவு படுக்கும் முன், எதுவும் மாட்டாமல் கிடக்கிற சார்ஜர்களையும் அடப்டர்களையும் ஒரு தடவை புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பதை முதலில் கழற்றுங்கள்.